பழுதில்லாத கெண்டைக்கால்

போட் எஞ்சின் திருத்துகிறவனுக்கு எஞ்சின் ஒரு நாளும் கரைச்சல் தராது. கரைச்சல் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளிடம்தான்.

திருகோணமலையில், மூதூர்ப் படகு புறப்படுகிற இறங்குதுறைக்குக் கிட்ட என் பட்டறை. தகரக் கூரை, இருக்க ஒரு நீள மர வாங்கு, தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பாய். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இப்போது அறுபத்து மூன்று வயது. எழுதிப் பெயர் எடுக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் உங்களில் யாருக்காவது கண்ணிமையோ கெண்டைக்காலோ தானாகத் துடித்து, டொக்டர் ஊசியெல்லாம் குத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட பிறகும் நீங்கள் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக. மற்றவர்கள் வாசித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முன்னமே சிரித்தவர்களின் பெயரெல்லாம் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது.

கனடா வைத்தியம்

முதலில் துடித்தது இடது கெண்டைக்கால். ஒரு நாள் காலமை குந்தியிருந்து ஒரு எஞ்சினின் கீழ்ப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தோலுக்குக் கீழே ஒரு மீன்குஞ்சு ஓடுவது போல இருந்தது. எழும்பி நின்றேன், அதுவும் நின்றது. குந்தினேன், திரும்ப ஓடியது. மூன்றாம் நாள் வலது கால். ஒரு கிழமைக்குள் வலது கைப் பெருவிரலின் அடிச்சதை. அதுதான் என்னை விழுத்தியது. கால் போனால் கதிரையில் இருந்துகொண்டும் எஞ்சின் திருத்தலாம். பெருவிரல் போனால் ஒரு நட்டுக்கூடப் பிடிக்க ஏலாது.

எங்கள் கரையில் ஒரு வெல்டர் இருந்தார். அவருக்கும் பெருவிரலில்தான் தொடங்கியது. துடித்தது, பிறகு சதை வற்றியது, பிறகு சோற்றுக் கரண்டி பிடிக்க ஏலாமல் போனது. கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்தார், பிடித்தது எலும்பு. அந்த நோயின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும். நீங்களும் போனில் தேடியிருப்பீர்கள்.

எனக்குத் தேடத் தெரியாது. எனக்காகத் தேடித் தந்தவர் கனடாவில் இருக்கிற என் மனைவியின் தம்பி. அங்கே அவருக்கு லொறியில் பெட்டி ஏற்றுகிற வேலை. போனை எடுத்தால் டொக்டர். வீடியோவில் என்னை நிறுத்திவைத்து நாக்கை நீட்டச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பின்னால் அவருடைய பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அத்தான், இது அதாயும் இருக்கலாம், அது இல்லாமலும் இருக்கலாம். எதுக்கும் காணி உறுதிப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தி வையுங்கோ."

ஊசியும் இரைச்சலும்

நரம்பு பார்க்கிற டொக்டரிடம் போக வெளியூருக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒருவரும் துடிக்கவில்லை, எல்லாரும் நல்ல சுகமாகத் தலையிடியோடு இருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே முதலில் கையிலும் காலிலும் வயரைக் கட்டிக் கரண்ட் அடித்தார்கள். பிறகு சதைக்குள் ஊசியை ஏற்றிவிட்டு, மடக்குங்கோ, விடுங்கோ என்றார்கள். மடக்கும்போது அந்த மெஷினிலிருந்து சத்தம் வந்தது. பிளக் ஈரமாகிப்போன எட்டுக் குதிரைவலு எஞ்சின் போல ஒரு பொரிச்சல். விட்டதும் சத்தம் செத்துவிட்டது. அப்படிச் சாவதுதான் நல்லதாம். டொக்டர் ஒரு இளம் பிள்ளை. "நரம்பு ஒழுங்காயிருக்கு, சதை பலமாயிருக்கு. துடிப்புத் தொல்லைதான் ஐயா, ஆபத்தில்லை. தேத்தண்ணியைக் குறையுங்கோ, நல்லா நித்திரை கொள்ளுங்கோ, ஓயாமல் காலைப் பார்த்துக்கொண்டு இராதேங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் காகிதத்தை எடுத்தார். விடிய வெளிக்கிட்டு வந்தவனுக்கு அவ்வளவுதான். பலசரக்குக் கடையில் உப்பு இல்லை என்று சொல்வதற்குக்கூட அதைவிட நேரம் எடுப்பார்கள்.

வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். "நீங்கள் ஊசி குத்தின நேரம் துடிக்கேல்லை. பஸ்ஸுக்குள்ள துடிச்சது" என்றேன். டொக்டர் பொறுமையாக, அதற்கும் இந்தப் பரிசோதனை போதும் என்றார். அப்படியென்றால் மெஷின் பிழையாகக் காட்டியிருக்கலாம்தானே என்று கேட்டேன். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஆள், அதுவரை வாயே திறக்காதவன், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான்: "இருக்கிற நோய் வருத்தத்தை மறைக்கிறதுக்கு மெஷினுக்கு உங்களோட என்ன கோவம் ஐயா?"

வராத சத்தம்

அடுத்த கிழமை மூதூர் ராஸிக் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன போட், பதினைந்து குதிரை எஞ்சின். கூட ஒருவரையும் ஏற்றாமல் தனியக் கடலுக்குப் போகிறவர். எஞ்சினுக்குள் "கிர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறதாம். பீப்பாய்த் தண்ணீரில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. போட்டில் பூட்டிக் குடாவில் மூன்று சுற்றுச் சுற்றினேன். தையல் மெஷின் போல ஓடியது. ஒன்றுமில்லை, கொண்டு போம் என்றேன். நாலு நாளில் திரும்ப வந்தார். "நீங்க ஏறினா வராது அண்ணன்" என்றார்.

இப்படியான ஆட்களை எனக்கு முப்பது வருசமாகத் தெரியும். நல்ல எஞ்சினை வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளாதவர்கள். மூன்றாம் தடவை அவர் வந்தபோது, பட்டறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்கு முன்னால் அவரைப் போலவே காதைச் சரித்து, கண்ணை உருட்டி, "கிர்ர்" என்று நடித்துக் காட்டினேன். நல்ல சிரிப்பு. நான் டொக்டரிடம் போய் வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. நடிக்கும்போதும் மேசைக்குக் கீழே கெண்டைக்கால் துடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. ராஸிக் கோபப்படவில்லை. எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு சொன்னார்: "சிரிங்க அண்ணன். கரை தெரியாத இடத்தில தனிய நிக்கக்குள்ளதான் அது கேக்கும்."

எத்தனை சிலிண்டர்

ஓடுகிற எஞ்சினுக்குள் எந்தப் போல்பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சினின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திப் பிடித்தால் உள்ளே நடக்கிறதெல்லாம் கேட்கும். டொக்டர் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிற குழாயைவிட நல்ல சாமான்.

ஒரு நாள் மத்தியானம், பட்டறையில் ஆளில்லாத நேரம், சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டு ஸ்குறூ டிறைவரைக் கெண்டைக்காலில் வைத்துக் காதைக் கொடுத்தேன். உடம்பு வளைய மாட்டேன் என்றது. வாங்கில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பாதி படுத்த மாதிரி. ஏதோ கேட்டது. என் இதயமா, துடிப்பா, ரோட்டில் போன லொறியா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நல்ல கவனமாகக் கேட்டேன். கண்ணைத் திறந்தால் வாசலில் கட்டைபறிச்சான் ஊர் யோகன். பிளக் வாங்க வந்தவன். எவ்வளவு நேரமாக நின்றான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். தொழில் விசயம் கேட்கிறவன் போலக் கேட்டான்: "அண்ணை, எத்தினை சிலிண்டர்?"

அலுமாரிக் கணக்கு

இந்த வருத்தக்காரர் எல்லாரும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். பலம் குறைகிறதா என்று பார்ப்பது. நுனிக்காலில் ஐம்பது அடி, குதிக்காலில் ஐம்பது அடி நடப்பேன். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வாஷரைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணுவேன். நாற்பது குதிரை எஞ்சினைத் தனியத் தூக்கி வைப்பேன், இறக்குவேன். என் பட்டறையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் தவராசாவின் பட்டறை. ஒரு காலத்தில் என் பங்காளி. பதினொரு வருசத்துக்கு முன் ஊர் பார்க்கச் சண்டை பிடித்துப் பிரிந்து, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெரிய வைஸைக் கழற்றிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து பேச்சில்லை. நான் நுனிக்காலில் நடப்பதை அவன் தன் வாசலில் நின்று பார்ப்பான். நானும் விடாமல் நடப்பேன். பின்னேரமானால் கால் இரண்டும் கடுக்கும், இரண்டு மடங்கு துடிக்கும். பார்த்தாயா, கூடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பிறகு வேனியரை எடுத்தேன். பிஸ்டன் தேய்மானம் அளக்கிற சாமான் அது. மயிரளவு வித்தியாசத்தையும் சொல்லும். காலமையும் பின்னேரமும் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து, பாலையூற்றில் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் சோக்குக் கட்டியால் எழுதி வந்தேன். இரும்பு அழுத்தினால் அமுங்காது, சதை அமுங்கும் என்பது எஞ்சின்காரனுக்கு யோசனையில் வரவில்லை. ஒரு நாள் இடது கால் தேய்ந்திருந்தது, அடுத்த நாள் வளர்ந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்த பூமணி, என் மனைவி, அந்தக் கணக்கை மேலிருந்து கீழ் வரை நிதானமாக வாசித்தாள். பிறகு சொன்னாள்: "பிஸ்டன் தேஞ்சா கொழும்பிலயிருந்து எடுக்கலாம். கால் தேஞ்சா எங்கயிருந்து எடுக்கிறதெண்டு அதையும் இதில எழுதி வையுங்கோ."

மான் தின்ற ரிப்போட்

டொக்டர் தந்த ரிப்போட்டை நான் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துத் திரிந்தேன். இங்கிலீஷில் இருந்தது. அதனால் இங்கிலீஷ் தெரிந்தவர் எவர் பட்டறைக்கு வந்தாலும் முதலில் அதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எஞ்சினை இறக்க வேண்டும். எல்லாரும் கடைசி வரியில் விரலை வைத்து "நோமல்" என்பார்கள். அன்றைக்கு நிம்மதி. அடுத்த நாள், நேற்று வாசித்தவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாதோ என்று யோசனை வரும். ஒரு வங்கி உத்தியோகத்தர் மட்டும் என்னைத் திட்டினார். அவருடைய எஞ்சினை ஒரு கிழமை பிந்தித்தான் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் மான்கள் மாடு போல ரோட்டில் திரிகிறது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வெளியூர் ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு அவை வாழைப்பழத்தோல் தின்னிகள், காகிதம் தின்னிகள். ஒரு நாள் கை கழுவப் போன நேரம் ரிப்போட்டை வாங்கில் வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் ஒரு பெண்மான், நடுவில் நின்று, கடைசி வரியை மென்றுகொண்டிருக்கிறது. என்னைப் பார்த்தும் அவசரப்படவில்லை. அதன் தோள்சதை ஈக்காக ஒரு தரம் துடித்தது. அதற்கு அது கவலைப்படவும் இல்லை. நான் பாய்ந்தேன். அது மிச்சத்தை வாயில் வைத்தபடி வெளியே ஓடியது. தேத்தண்ணிக் கடையைத் தாண்டி, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தைத் தாண்டி, கழிவுநீர்க் கானைப் பாய்ந்து, மைதானத்தின் நடு வரை நான் விடவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து கடை வாசலில் விழுந்து இருந்தேன். கடைக்காரர் ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டிவிட்டுக் கடைக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "மானுக்குப் பின்னால இந்த ஓட்டம் ஓடுற மனிசனுக்கு நரம்பு வருத்தமாம், கேட்டியளோ?"

குடாவின் நடுவில்

அவர் சொன்னது அப்போது எனக்கு ஏறவில்லை. ரிப்போட் போனதோடு என் நம்பிக்கையும் போய்விட்டது. வேறொரு ஊரில் வேறொரு டொக்டரிடம், எல்லாவற்றையும் திரும்பக் குத்திப் பார்க்க நாள் எழுதி வைத்தேன். அதற்கிடையில் இன்னொரு முடிவும் எடுத்தேன். எப்படியும் கை போகப் போகிறது. போவதற்கு முன் பட்டறையை விட்டுவிடுவது. அதை நடத்தக்கூடியவன் இந்தக் கரையில் ஒருவன்தான். பதினொரு வருசம் பேசாத தவராசாவுக்கு யோகன் மூலம் சொல்லி அனுப்பினேன்: இடம், வாடிக்கை ஆட்கள், பீப்பாய், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று மறுமொழி வந்தது. யோசிக்க அவனுக்கு என்ன இருக்கிறது என்று அதற்கும் ஒரு கோபம் வைத்தேன்.

அந்த நாட்களில்தான் ராஸிக் நாலாம் தடவையாக அதே சத்தத்தோடு வந்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. டொக்டருக்குத் தெரியாமல் என் காலில் ஏதோ இருக்கலாமென்றால், எனக்குத் தெரியாமல் இந்த எஞ்சினிலும் ஏதோ இருக்கலாம்தானே? கீழ்ப்பாகத்தை முழுதாகக் கழற்றினேன். பல்லுச் சக்கரம், போல்பெயரிங், எல்லாம் புதுசு போல இருந்தன. துடைத்துத் திரும்பப் பூட்டினேன். பூட்டுகிற நேரம் பெருவிரல் துடித்தது. ஒரு நட்டை இறுக்குவேன், விரலைப் பார்ப்பேன். அடுத்ததை இறுக்குவேன், விரலைப் பார்ப்பேன். பீப்பாயில் போட்டு ஓட்டும்போதும் பார்த்தது விரலைத்தான். எஞ்சின் ஓடினால் அதன் பின்பக்கத்திலிருந்து நூல் போலத் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சூடு தணிகிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் வேறொன்றும் பார்க்காவிட்டாலும் அதைப் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை.

ராஸிக்கும் பார்க்கவில்லை, அவர் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் புகைந்து, இறுகி, நின்றுவிட்டது. மூதூர் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், காற்று வெளிக்கடல் பக்கம். கையிலிருந்த ஒற்றைத் துடுப்போடு இரண்டு மணித்தியாலம் இழுபட்டிருக்கிறார். கட்டைபறிச்சானிலிருந்து வந்துகொண்டிருந்த யோகன் தற்செயலாகக் கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்தான். இறங்குதுறையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, ராஸிக் என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நான் கேட்ட சத்தம் இது இல்ல அண்ணன். இது நீங்க வச்ச சத்தம்."

மூன்றாம் ஆள் மூலமாக

ராஸிக் எஞ்சினைத் தவராசாவிடம் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரமே கரை முழுக்க ஒரே கதை: தர்முவின் கை போய்விட்டது, இனி எஞ்சினைக் கொடுக்காதேங்கோ. என் பெயர் தர்மலிங்கம். என்னைத் தர்மு என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாதவர்கள் எல்லாம் அன்றைக்குச் சொன்னார்கள். நான் வீட்டில் சாப்பிடவில்லை. பயந்தது நடந்துவிட்டது என்று இருந்தேன். பட்டறைப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுக்க ஆயத்தமாக மேசையில் வைத்தேன்.

அடுத்த நாள் காலமை தவராசா வந்தான். பதினொரு வருசத்தில் முதல் தடவையாக என் வாசலை மிதித்தான். யோகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பேச்சில்லாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும்தானே. ராஸிக்கின் எஞ்சினின் கீழ்ப்பாகத்தை வாங்கில் வைத்து, தண்ணீர் பம்பைத் திறந்து காட்டினான். பம்பின் சக்கரத்தைத் தண்டோடு பூட்டி வைக்கிற கீ, நகத்தளவு ஒரு இரும்புத் துண்டு, அது இருக்க வேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது. கீ இல்லாவிட்டால் தண்டு சுற்றும், சக்கரம் சுற்றாது, தண்ணீர் ஏறாது. நான் என் சாமான் தட்டைப் பார்த்தேன். ஒரு வாஷருக்குப் பக்கத்தில் அந்தக் கீ கிடந்தது.

எனக்கு இதுவரை ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் எல்லாம் என்னை விரும்புகிறவர்கள், அல்லது அப்படிச் சொல்வதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள். ஆறுதல் சொல்கிற வாயை நான் நம்புவதில்லை. தவராசா எனக்கு ஆறுதல் சொல்லுகிற ஆளில்லை. என் கை அழுகி விழுந்தால் அவனுக்கு இரட்டிப்பு வேலை. அவன் என்னைப் பார்க்காமல், ஒவ்வொரு நட்டாக விரலால் தொட்டுக்கொண்டு யோகனிடம் சொன்னான்: "உன்ர அண்ணையிட்டச் சொல்லு. கை பலமில்லாதவன் இறுக்கினா ஒரு நட்டு இறுகும், ஒரு நட்டு தளரும். இதில அத்தினை நட்டும் ஒரே அளவில இறுகியிருக்கு. எனக்கே கழட்டக் கஷ்டமாப் போச்சு. கையில ஒண்டுமில்லை. கீயைப் போடாம விட்டது கவனயீனம். கவனயீனத்துக்கு வருத்தமெண்டு பேர் வச்சுக்கொண்டு இன்னொருத்தனைக் கடலில விட வேண்டாமெண்டு சொல்லு. அவற்ர பட்டறையும் எனக்கு வேண்டாம்."

வலையைப் பிடி

அவன் போன பிறகு அந்த நட்டுகளை நானும் தொட்டுப் பார்த்தேன். இறுக்கம் என் இறுக்கம்தான். அதற்குப் பிறகு இரண்டாவது டொக்டரிடம் எழுதி வைத்த நாளுக்கு நான் போகவில்லை. வேனியர் இப்போது பிஸ்டனை மட்டும் அளக்கிறது. அலுமாரிக் கதவைப் பூமணி துடைத்துவிட்டாள். தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஒன்பது குடித்தவன் மூன்றுக்கு வந்தேன். நித்திரையும் கொஞ்சம் வருகிறது. துடிப்பு நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. குறைந்திருக்கிறது, அல்லது நான் பார்க்காத நேரம் துடித்துவிட்டுப் போகிறது. எஞ்சின் பூட்டி முடிந்தால் தண்ணீர் அடிக்கிறதா என்று ஒரு தரம் பார்ப்பேன். அடித்தால் கொடுத்துவிடுவேன். காலுக்கும் அதே சட்டம்தான்: காலமை எழும்பி நடந்தேனா, நடந்தேன், முடிந்தது. சொல்ல இலேசு. சில நாள் கை தானாகக் கெண்டைக்காலுக்குப் போகும். அப்போது அந்தக் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்துவிடுவேன்.

ராஸிக்கின் எஞ்சினைத் தவராசாவிடமிருந்து திருப்பி எடுத்து, இறுகிப்போன பாகங்களைப் புதிதாகப் போட்டு, என் கையாலேயே சரிபண்ணி மூதூர் வரை கொண்டு போய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பூட்டித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒரு மாதத்தில் அவர் வந்து வாசலில் நின்றார். சத்தம் இப்போதும் கேட்கிறதாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கூட்டிக்கொண்டு போம், கரை தெரியாத இடத்துக்கே போவோம் என்றேன். போனோம். கரை மறைந்தது. எஞ்சின் ஓடியது, தண்ணீர் நூல் போல அடித்தது, நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. என் கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. "கேக்குதா அண்ணன்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் முதலே போட்டிருந்த வலையின் கயிற்று நுனியை என் கையில் தந்தார். "எனக்குக் கேக்குது. பரவாயில்ல, மீன் பட்டிருக்கு, வலையப் புடிங்க."

கால் இன்றைக்கும் துடிக்கிறது, தவராசாவோடு இன்றைக்கும் பேச்சில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் நாள் முழுக்க வேலை செய்யலாம் என்று இந்த அறுபத்து மூன்று வயதில் கண்டுபிடித்திருக்கிறேன்.